லேபர் வக்கீல் ஆர்.வி.: யூனியன் ஃபைலில் தொடங்கிய ஓர் அரசியல்

சேலத்து வக்கீல் ராஜாஜி, திருமயத்துச் சத்தியமூர்த்தி என்று நம் பக்கத்தில் கறுப்புக் கோட்டிலிருந்து அரசியலுக்குப் போனவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த வரிசையில், பின்னாளில் ராஷ்டிரபதியான ஆர்.வி. என்கிற ஆர். வெங்கட்ராமனைக் கடைசியில் நிறுத்துவதுதான் வழக்கம். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் திரண்டதாக யாரும் சொல்வதில்லை. அவர் பெயரில் பெரிய கோஷ்டியும் இருந்ததில்லை. ஆனால் பதவிக்குப் போன பிறகும் கடைசி நாள்வரை வக்கீலாகவே யோசித்தவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். அதுவும் லேபர் வக்கீலாக. அந்தப் பழக்கம் அவருக்குச் சில இடங்களில் கைகொடுத்தது, ஓரிடத்தில் காலை வாரிவிட்டது.

முதலில் பிறப்பு, படிப்பு விவரம். 1910 டிசம்பர் 4, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ராஜாமடம். திருச்சி நேஷனல் கல்லூரி, பிறகு லயோலாவில் பொருளாதாரம் எம்.ஏ., அதன் பிறகு சென்னை சட்டக் கல்லூரி. 1935-ல் சென்னை ஹைகோர்ட்டில் பதிவு. 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதாகி இரண்டு வருடம் சிறை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவனோடு ஒத்துழைத்ததாக மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாட 1946-ல் இந்திய அரசு அனுப்பிய வக்கீல்கள் குழுவில் இவரும் போனார். 1947 முதல் 1950 வரை மாகாண வக்கீல்கள் சம்மேளனத்தின் செயலாளர். 1951-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் பதிவு.

இதற்கிடையே தோட்டத் தொழிலாளர், எஸ்டேட் ஸ்டாஃப், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், பத்திரிகையாளர் என்று பல யூனியன்களில் அவர் வேலை செய்தார். வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஒரு வக்கீல் ஏன் யூனியன் நிர்வாகியாக வேண்டும்? தொழிலாளி மேல் இருந்த பரிவு ஒரு பக்கம். சட்டமே அவரை அங்கே தள்ளியது என்பது இன்னொரு பக்கம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் பின்னால் வரும் ஆர்.வி. புரிவார்.

அந்தக் காலத்தில் ஓர் எஸ்டேட் குமாஸ்தாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1947-ன் தொழில் தகராறு சட்டப்படி அவர் நேராகத் தொழில் தீர்ப்பாயமான ட்ரிப்யூனலுக்குப் போக முடியாது. தனியாள் சண்டை ‘தொழில் தகராறு’ ஆகாது என்று கோர்ட்டுகள் சொல்லிவந்தன. யூனியனோ, கணிசமான சக ஊழியர்களோ அதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும். (தனியாள் வேலைநீக்கமே தகராறுதான் என்று சொல்லும் 2-ஏ பிரிவு 1965-ல்தான் வந்தது.) ஆகவே முதல் வேலை, யூனியன் நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போடுவது. பல வழக்குகள் இங்கேயே சரிந்தன. அரசாங்கம் தகராறை ட்ரிப்யூனலுக்கு அனுப்பிய பிறகு அவசரமாகப் போட்ட தீர்மானம் செல்லாது. அந்த நிறுவனத்து ஆட்கள் போதுமான அளவுக்கு இல்லாத வெளி யூனியன் எடுத்தாலும் செல்லாது. ஒரு பத்திரிகை ஊழியருக்காகப் பம்பாய் பத்திரிகையாளர் சங்கம் போட்ட வழக்கில் 1961-ல் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது. தேதியும் மினிட்ஸ் புத்தகமும் சரியாக இல்லாவிட்டால் நியாயம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை.

அடுத்தது சமரச அதிகாரி. சட்டப்படி 14 நாளில் அறிக்கை தர வேண்டும், நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாதான். பேச்சு முறிந்தால் அவர் தோல்வி அறிக்கை அனுப்புவார். அதைப் பார்த்து அரசாங்கம் 10-வது பிரிவின்படி ட்ரிப்யூனலுக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். அனுப்பாவிட்டால் காரணம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். அப்படி அனுப்புவது நிர்வாகச் செயல், அதைக் கோர்ட் லேசில் கிளறாது என்று சி.பி. சாரதி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதுவும் சென்னை சினிமா தியேட்டர் ஊழியர் தகராறில் பிறந்த வழக்குதான். ஆக, கேஸ் கோர்ட்டுக்குள் நுழையவே செகரட்டேரியட்டில் ஒரு கையெழுத்து வேண்டும். அந்த அரசாணையில் (ஜி.ஓ.) கேள்வியை எப்படி எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். ட்ரிப்யூனல் அந்த வாசகத்தைத் தாண்டிப் போக முடியாது. ‘வேலைநீக்கம் நியாயமானதா, இல்லையென்றால் என்ன நிவாரணம்’ என்று இருந்தால் பிழைத்தோம். நிவாரணம் என்ற வார்த்தை விடுபட்டால் ஜெயித்தும் கையில் ஒன்றும் வராமல் போகலாம்.

ஒருவழியாக ட்ரிப்யூனல் வந்துவிட்டது. இப்போது 36-வது பிரிவு குறுக்கே நிற்கும். எதிர்த் தரப்பு சம்மதித்து, ட்ரிப்யூனலும் அனுமதித்தால்தான் வக்கீல் ஆஜராகலாம். முதலாளி தரப்பு ஏன் சம்மதிக்கப் போகிறது? ஆனால் அதே பிரிவு, பதிவு பெற்ற யூனியனின் நிர்வாகி தொழிலாளிக்காக ஆஜராகலாம் என்கிறது. 1926-ன் தொழிற்சங்கச் சட்டமோ நிர்வாகிகளில் பாதிப்பேர் வெளியாட்களாக இருக்க இடம் கொடுத்தது. (2001 திருத்தத்துக்குப் பிறகு அந்த அளவு மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அது.) இரண்டு பிரிவையும் சேர்த்துப் படித்தால் வழி தெரிகிறது. வக்காலத்தை ஓரமாக வைத்துவிட்டு யூனியன் தலைவராகவோ துணைத் தலைவராகவோ உள்ளே போய்விட வேண்டியதுதான். வக்கீல் என்பதற்காக அப்படிப்பட்ட நிர்வாகியைத் தடுக்க முடியாது என்பது பாரதீப் துறைமுக வழக்கில் 1976-ல் உறுதியும் ஆனது.

லேபர் வக்கீல்கள் கொத்துக்கொத்தாக அரசியலுக்கு வந்த பாதை இதுதான். வி.வி. கிரியும் பாரிஸ்டர் படித்து, யூனியன் வழியாக வந்து, ராஷ்டிரபதி ஆனவர். யூனியன் தலைவர் ஆனால் ஓட்டு பின்னால் வரும். ஜி.ஓ.வுக்காக மந்திரி அறைக்கு அலைந்தால் அரசாங்கம் நடக்கும் விதம் அத்துப்படியாகும்.

ஆர்.வி. இதோடு நிற்கவில்லை. 1949-ல் ‘லேபர் லா ஜர்னல்’ ஆரம்பித்தார். தொழில் தகராறு சட்டம் வந்து இரண்டே வருடம். ட்ரிப்யூனல் தீர்ப்புகளான அவார்டுகள் கெசட்டில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. போனஸுக்கு என்ன கணக்கு, பஞ்சப்படிக்கு என்ன கணக்கு என்று முன்னுதாரணம் தேடினால் கையில் எதுவும் சிக்காது. முதலாளிகள் சங்கம் ஆள் போட்டுத் திரட்டிக்கொள்ளும், பத்து ரூபாய் சந்தாவில் ஓடும் யூனியன் என்ன செய்யும்? ஜர்னல் வந்த பிறகு இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தைப் புரட்டின. அப்போதெல்லாம் வருடத்துக்கு இரண்டு தொகுதி, அதனால்தான் ‘1957-2-எல்.எல்.ஜே’ என்பதுபோல் நடுவில் ஓர் எண் நிற்கும். ஆண்டைச் சொல்லித் தொகுதியைச் சொல்லாமல் விட்டால் தப்பான புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். லேபர் கோர்ட் வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ஜர்னல் அது. அவர் வகித்த சில மந்திரி பதவிகளைவிட இது நீண்ட காலம் நின்றிருக்கிறது என்பேன்.

1950-ல் தற்காலிக நாடாளுமன்றம், 1952-ல் முதல் மக்களவை. 1955-ல் ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயத்தில் உறுப்பினர். பெயர் பெரிதாக இருக்கிறது, வேலை பழைய வேலைதான். ஐ.நா. ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் வரும் வேலைத் தகராறுகளை விசாரிப்பது. 1979 வரை அங்கே இருந்தார், 1968-லிருந்து அதன் தலைவர். நடுவில் சென்னையில் பத்து வருடம் மந்திரி, டெல்லியில் திட்டக் கமிஷன் உறுப்பினர். அத்தனைக்கும் நடுவே இந்த நீதிபதி வேலையை அவர் விடவில்லை.

1957-ல் மறுபடி மக்களவைக்கு ஜெயித்தார். ஆனால் காமராஜர் கூப்பிட்டதால் அந்த இடத்தை விட்டுவிட்டு மாநில மந்திரி ஆனார். தொழில், தொழிலாளர் நலன், மின்சாரம், கூட்டுறவு, போக்குவரத்து, வணிக வரி என்று இலாகாக்கள். இவ்வளவு நாள் எந்த ஜி.ஓ.வுக்காக அலைந்தாரோ, அதில் கையெழுத்துப் போடும் நாற்காலி இப்போது அவருடையது.

தொழில்மயமாக்கலின் தந்தை என்று அவரைக் கொண்டாடுபவர்கள், அந்த வேலையின் நெளிவு சுளிவைச் சொல்வதில்லை. 1951-ன் தொழில் சட்டப்படி லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் டெல்லியிடம். இரும்பு, செம்பு கோட்டாவும் இறக்குமதி பெர்மிட்டும் டெல்லியிடம். மாநிலத்தின் கையில் இருந்தது நிலம், கரண்ட், தண்ணீர், கொஞ்சம் கடன். 1958-ல் வந்த கிண்டி தொழிற்பேட்டை அதைத்தான் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. சிறு முதலாளிக்குப் பட்டாவும் பிளானும் பார்த்துக் கட்டடம் எழுப்புவதிலேயே கைக்காசு கரைந்துவிடும். அரசே ஷெட் கட்டி, ரோடு போட்டு, மின் இணைப்பும் கொடுத்தால் அவர் மெஷின் மட்டும் கொண்டுவந்தால் போதும். பிறகு அதே யோசனையில் அம்பத்தூர் வந்தது, இன்னும் பெரிதாக. ஷெட் கிடைத்தும் ஓடாத பட்டறைகளை முடக்கியது பெரும்பாலும் மூலப்பொருள் கோட்டா. ஏழு வருடம் நாடாளுமன்றத்தில் இருந்து, எந்த அமைச்சகத்தில் எந்த ஃபைல் எங்கே நிற்கும் என்று தெரிந்தவர் மாநிலத்தின் தொழில் மந்திரியாக இருந்தது அங்கேதான் உதவியது. மாநிலத்தின் ஆள் டெல்லியில் போய் வாதாட வேண்டிய காலம் அது. வக்கீல் மந்திரிக்கு ஏற்ற வேலை.

1967-ல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் தோற்றது. 1971 வரை திட்டக் கமிஷன். 1977-ல் தென் சென்னையில் நின்று முரசொலி மாறனைத் தோற்கடித்தார். வடக்கே காங்கிரஸைத் துடைத்தெடுத்த தேர்தல் அது, இங்கே கணக்கு வேறு.

1980 ஜனவரியில் நிதி மந்திரி. ஏப்ரலில் மேலும் ஆறு வங்கிகள் அரசுடைமை. 1981-ல் சர்வதேச நிதியத்திடம் 500 கோடி எஸ்.டி.ஆர். (நிதியத்தின் கணக்கு அலகு) கடன் வாங்க ஒப்பந்தம். இடதுசாரிகள் விடாமல் எதிர்த்தார்கள். ஆனால் வக்கீல் மூளை தெரியும் இடம் 1981 ஜனவரியில் அவசரச் சட்டமாக வந்த சிறப்புப் பேரர் பத்திரம். முகமதிப்பு 10,000 ரூபாய், பத்து வருடம் கழித்து 12,000. கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 2 சதவீதம் தனிவட்டி, அன்றைய விலைவாசியில் நஷ்டம்தான். பிறகு யார் வாங்குவார்? பத்திரத்தில் பெயர் இருக்காது, பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கறுப்புப் பணக்காரர் தரும் அபராதம் அந்தக் குறைந்த வட்டிக்குள் ஒளிந்திருந்தது. ஓட்டையை அடைக்கவும் பிரிவு வைத்தார்கள். பத்திரத்தைக் காட்டி வேறு வருமானத்துக்குக் கணக்குச் சொல்லித் தப்ப முடியாது. சம உரிமைக்கு விரோதம் என்று வழக்குப் போனது. ஆர்.கே. கார்க் வழக்கில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட் சட்டத்தைக் காப்பாற்றியது. தனியாக நின்றவர் நீதிபதி ஏ.சி. குப்தா. ஒழுங்காக வரி கட்டியவனை ஏமாளியாக்கும் திட்டம் என்று எனக்கும் தோன்றும், ஆனால் சட்டமாக அதைக் கட்டிய விதத்தில் தையல் பிரியவில்லை.

1982 முதல் 1984 வரை பாதுகாப்பு மந்திரி. ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் திட்டத்தோடு வந்தபோது, எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள் என்று சொன்னவர் இவர். அப்துல் கலாம் இதைப் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1983-ல் 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்று ஐந்தும் ஒரே திட்டமாயின.

1984-ல் 508-க்கு 207 என்று ஜெயித்துத் துணை ராஷ்டிரபதி. 1987-ல் ராஷ்டிரபதி தேர்தல். எதிரே நின்றவர் முன்னாள் சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். இதைக் கவனித்தவர்கள் கம்மி: அவரும் வக்கீல், 1952-ல் சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்வானவர், ஆர்.வி. சென்னையில் மந்திரியான அதே 1957-ல் கேரளத்தில் மந்திரியானவர், ‘தொழில்’ என்றால் என்ன என்று லேபர் சட்டத்துக்கே வரையறை எழுதிய பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பைத் தந்தவர். அன்று ஓர் எம்.பி. ஓட்டின் மதிப்பு 702, நம் எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176. 1971 கணக்கெடுப்பின் 4 கோடியே 12 லட்சம் மக்களை 234 தொகுதிக்கு வகுத்து, ஆயிரத்தால் மறுபடி வகுத்தால் அந்த எண் வரும். ஆர்.வி.க்கு 7,40,148. கிருஷ்ணய்யருக்கு 2,81,550.

மேஜைமேல் ஏற்கெனவே ஒரு தலைவலி காத்திருந்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் 1986-ன் தபால் மசோதாவுக்கு முந்தைய ராஷ்டிரபதி ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அரசியல் சட்டத்தின் 111-வது பிரிவில் காலக்கெடு இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த இடுக்கு. ஆர்.வி.யும் ராஜீவ் ஆட்சி முடியும்வரை அதைத் தொடவில்லை. 1990 ஜனவரியில், ஆட்சி மாறிய பிறகு, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அதோடு அது எழுந்திருக்கவேயில்லை.

1989-ல் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரஸுக்கு 197, ஜனதா தளத்துக்கு 143. யாரைக் கூப்பிடுவது என்று அரசியல் சட்டம் வரிசை சொல்லவில்லை. ஆர்.வி. தனக்கொரு வரிசை வைத்துக்கொண்டார். பெரிய கட்சியை முதலில் கேட்பது, மறுத்தால் அடுத்தது, சபையில் நிரூபிக்கக் கெடு. ராஜீவ் மறுத்தார், வி.பி. சிங் வந்தார், 30 நாள் கெடு. 1990 நவம்பரில் அவர் விழுந்ததும் அதே வரிசை, பழையபடி காங்கிரஸிலிருந்து. எல்லோரும் கைவிரித்த பிறகுதான் சந்திரசேகர். தலைகளை எண்ணுவதைச் சபையிடம் விட்டுவிடுவதில் ஒரு சௌகரியம் உண்டு, தப்பு நடந்தாலும் அது ராஷ்டிரபதியின் தப்பாகாது. கரண்ட் போனால் தானே எரிந்து, வந்ததும் தானே அணையும் எமர்ஜென்சி விளக்குதான் ராஷ்டிரபதி என்று அவரே சொல்லிவந்தார்.

அந்த விளக்கு 1991 ஜனவரி 30 அன்று என்ன செய்தது என்பதுதான் தமிழ்நாட்டின் கேள்வி. தி.மு.க. ஆட்சியைக் கலைக்கச் சந்திரசேகர் அமைச்சரவை பரிந்துரைத்தது. கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். 356-வது பிரிவில் ‘கவர்னரின் அறிக்கையின்படியோ வேறு விதமாகவோ’ என்று இருக்கிறது. அந்த ‘வேறு விதமாகவோ’வைப் பிடித்துக்கொண்டு உத்தரவு தயாரானது, ஆர்.வி. கையெழுத்திட்டார். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் ராஜினாமா செய்தார். எழுத்துப்படி பார்த்தால் ஆர்.வி. மீறியது ஒன்றுமில்லை. ஆனால் 74-வது பிரிவில் 1978-ல் சேர்த்த வரி, அமைச்சரவையின் பரிந்துரையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்ப ராஷ்டிரபதிக்கு உரிமை தருகிறது. அதை அவர் எடுக்கவில்லை. கே.ஆர். நாராயணன் 1997-ல் உத்தரப் பிரதேசத்துக்கும் 1998-ல் பீகாருக்கும் எடுத்தார். கவர்னர் அறிக்கையே இல்லாத ஃபைலைப் பார்த்து, ஆதாரம் எங்கே என்று எந்த லேபர் வக்கீலும் கேட்டிருப்பார். மினிட்ஸ் புத்தகத்துத் தேதிக்காக வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் அன்று கேட்காமல் விட்டதற்கு நியாயம் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஆட்சிக் கலைப்பைக் கோர்ட் ஆராயலாம் என்ற 1994 பொம்மை தீர்ப்புக்குப் பிறகு ஆதாரத்தைக் கோர்ட்டே கேட்கும்.

இரண்டே மாதத்தில் அவர் வேறு ஒரு ஃபைலில் பழைய ஆளாகத் திரும்பினார். சந்திரசேகர் ராஜினாமா செய்து மக்களவை கலையும் நேரம். கடைசி நாளில் எம்.பி.க்கள் தங்கள் சம்பளம், பென்ஷன் திருத்த மசோதாவை அவசரமாக நிறைவேற்றினார்கள். அரசுக் கஜானாவிலிருந்து செலவு வரும் மசோதாவை, ராஷ்டிரபதியின் பரிந்துரை இல்லாமல் எந்தச் சபையும் நிறைவேற்றக் கூடாது என்கிறது 117-வது பிரிவு. பரிந்துரை வாங்கவில்லை. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ராஷ்டிரபதி ஒப்புதல் தந்துவிட்டால், முன் பரிந்துரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டம் செல்லாமல் போகாது என்று 255-வது பிரிவு சொல்கிறது. அதாவது அவர் கையெழுத்தே குறையைக் கழுவிவிடும், பிறகு கோர்ட்டுக்குப் போயும் புண்ணியமில்லை. தடுக்க ஒரே இடம் அவர் மேஜைதான். ஒப்புதல் தர முடியாது என்று நிறுத்திவைத்தார்.

1992 ஜூலை 25-ல் பதவி முடிந்தது. 2009 ஜனவரி 27 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் காலமானார்.